சனசமூக நிலையத்து அலுமாரி மேல் ஒரு சேர்வர்

ஒரு லினக்ஸ் கொம்பியூட்டரில் வெப் சேர்வர் ஏற்றுவது அரை மணித்தியால வேலை. அதில் என்ன வைப்பது, கரண்ட் போனால் என்ன செய்வது, தமிழ் ஒழுங்காகத் தெரியுமா, யார் எதைப் பார்க்கலாம் என்பதெல்லாம்தான் மாதக்கணக்கில் இழுக்கும். இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள் பெரும்பாலும் அந்த முதல் அரை மணித்தியாலத்தோடு நின்றுவிடுகின்றன. படிக்கிறவருக்கு எப்போதும் கரண்ட் இருக்கும், கேபிளில் இணையம் வரும், போடப்போவது ஆங்கிலப் பக்கம் என்று எடுத்துக்கொண்டே எழுதியிருப்பார்கள். பதுளை மாவட்டத்தில் இருக்கும் எங்கள் தெமோதரைக்கு இந்த மூன்றும் பொருந்தாது. எங்கள் தோட்டத்துச் சனசமூக நிலையத்தில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் சேர்வரை வைத்து இதை எழுதுகிறேன். மற்றத் தோட்டங்களில் இதைச் செய்துபார்க்க நினைக்கும் தம்பி தங்கச்சிகளுக்கு உதவும்.

தேவை டேட்டாவில் தொடங்கியது. 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடியபோது பாடமெல்லாம் வாட்ஸ்அப்புக்கு வந்தது. வீட்டுக்கு ஒரு போன். அதுவும் அப்பாவோ அம்மாவோ வேலை விட்டு வந்த பிறகுதான் பிள்ளை கைக்கு வரும். மலையின் இந்தப் பக்கம் சிக்னல் இருக்கும், திரும்பினால் இருக்காது. பள்ளிக்கூடம் திறந்த பிறகும் போனில் படிக்கும் வழக்கம் நின்றுவிடவில்லை. கல்வி வெளியீட்டுத் திணைக்களம் பாடப்புத்தகங்களைத் தமிழிலும் இலவசமாகத் தன் தளத்தில் போட்டிருக்கிறது. கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளத்தில் பாடங்கள் இருக்கின்றன. புத்தகம் இலவசம், அதை இறக்கத்தான் காசு. ஒரு பிள்ளை ரீலோட் போட்டு ஒரு புத்தகத்தை இறக்கும். அடுத்த காம்பராவில் இருக்கும் பிள்ளையும் அதே புத்தகத்துக்கு அதே டேட்டாவைச் செலவழிக்கும். ஒரே லயத்தில் ஒரே வினாத்தாளுக்கு வீட்டுக்கு வீடு காசு கட்டிக்கொண்டிருந்தோம்.

ஒரு தடவை இறக்கி ஒரு மெஷினில் வைத்து, வைஃபையில் எல்லாருக்கும் கொடுத்தால் யாருக்கும் டேட்டா போகாது. வெப் சேர்வர் செய்வது அடிப்படையில் அவ்வளவுதான்: ஒரு போன் வந்து இன்ன பைல் வேண்டும் என்று கேட்கும், சேர்வர் எடுத்துக் கொடுக்கும். கேட்கும் போன் அமெரிக்காவில் இருந்தாலும் அடுத்த லயத்தில் இருந்தாலும் சேர்வருக்கு ஒன்றுதான். ஓ.எல். படிக்கும் ஒரு தங்கச்சி கணித வினாத்தாளைத் திறந்துவிட்டு, "அக்கா, நெசமா இதுக்கு டேட்டா போகாதா?" என்று கேட்டாள். "போகாது. இது வெளியவே போகல, இந்தா இந்த அலுமாரி மேல இருந்துதான் வருது" என்றேன். ஏறி நின்று மெஷினை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் போனாள். இணையம் என்றால் எங்கோ கொழும்பிலோ வெளிநாட்டிலோ யாரோ வைத்திருப்பது என்று நினைத்து வளர்ந்த பிள்ளைக்கு, அது தன் தோட்டத்திலும் இருக்கலாம் என்று கண்ணால் தெரிவது சின்ன விசயம் அல்ல.

இனி மெஷின். யாரோ ஒதுக்கிவைத்த பழைய லெப்டொப் போதும். நாலு ஜிகாபைட் நினைவகம் இருந்தால் தாராளம். ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றிவிட்டு ஒரு எஸ்எஸ்டி போடுங்கள். பழைய டிஸ்க் ஈரத்திலும் அதிர்விலும் போய்விடும். புதிதாக வாங்குவதானால் ராஸ்பெரி பை மாதிரிச் சின்னப் பலகை கரண்டை இன்னும் குறைவாகக் குடிக்கும். ஆனாலும் லெப்டொப்பைத்தான் சொல்வேன், ஏனென்றால் அதற்குள் பேட்டரி இருக்கிறது. 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். இப்போது அந்தளவு இல்லை. ஆனால் காற்று மழைக்கு லைன் அறுவது எங்கள் பக்கம் எப்போதும் உள்ளதுதான். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் சட்டென்று போனால் டிஸ்க்கில் பைல் கெடும். பேட்டரி இருந்தால், குறிப்பிட்ட அளவுக்கு இறங்கியதும் மெஷினே முறையாக அணைந்துகொள்ளும்படி லினக்ஸில் அமைத்துவிடலாம். ரவுட்டருக்கும் ஒரு சின்ன பேக்கப் பேட்டரி பூட்டினால், இருட்டிலும் பிள்ளைகள் படிக்கலாம்.

இயங்குதளம் டெபியன். 1993இலிருந்து தன்னார்வலர்கள் நடத்தும் லினக்ஸ் வெளியீடு அது. பின்னால் கம்பனி கிடையாது, உரிமப் பணம் கிடையாது. நிறுவும்போது டெஸ்க்டொப் எதையும் தெரிவு செய்யாதீர்கள். கறுப்புத் திரையும் ஒரு மினுக்கும் கோடும் போதும். பழைய மெஷின் அப்போதுதான் மூச்சு விடும். வெப் சேர்வருக்கு அபாச்சி, என்ஜின்எக்ஸ் என்று இரண்டு பெரிய பெயர்கள். அபாச்சி 1995இல் வந்தது, உலகின் பாதி இணையம் ஒரு காலத்தில் அதில்தான் ஓடியது. என்ஜின்எக்ஸை இகோர் சிசோயெவ் என்ற ரஷ்யர் 2004இல் வெளியிட்டார். ஒரே நேரத்தில் பத்தாயிரம் பேர் வந்து கேட்டாலும் ஒரே மெஷின் தாங்க வேண்டும் என்பது அன்றைக்குப் பெரிய சவால், அதற்காக எழுதப்பட்டது. நமக்குப் பத்தாயிரம் பேர் வரப்போவதில்லை. ஆனால் குறைந்த நினைவகத்தில் நிறையப் பேருக்குக் கொடுக்கும் அந்த இயல்பு பழைய லெப்டொப்புக்கு அப்படியே பொருந்துகிறது.

ஆப்ட் கட்டளையில் ஒரு வரி எழுதினால் என்ஜின்எக்ஸ் வந்து இறங்கி, தானே ஓடத் தொடங்கிவிடும். போனில் மெஷினின் ஐபி இலக்கத்தை அடித்தால் வரவேற்புப் பக்கம் வரும். அந்தப் பக்கம் இருக்கும் போல்டருக்குள் உங்கள் பைல்களைப் போட்டால் வேலை முடிந்தது. வரவேற்புப் பக்கத்தை அங்கிருந்து எடுத்துவிட்டு, கட்டமைப்புப் பைலில் தானியங்கிப் பட்டியலைத் திறந்துவிட்டால், போல்டருக்குள் இருப்பதெல்லாம் வரிசையாகத் தெரியும், தனியாகப் பக்கம் எழுதக்கூடத் தேவையில்லை. கட்டமைப்பை மாற்றும் ஒவ்வொரு தடவையும் முதலில் என்ஜின்எக்ஸிடமே சோதிக்கச் சொல்லுங்கள். பிழை இருந்தால் எந்த வரி என்று சொல்லும். சரி என்ற பிறகு மீளேற்றுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் சேர்வரை நிறுத்தாமல் மாற்றலாம்.

பலர் சோர்ந்து விட்டுவிடும் இடம் 403. பக்கம் இல்லை என்றால் 404 வரும், அது எல்லாருக்கும் தெரியும். 403 என்றால் பைல் இருக்கிறது, ஆனால் சேர்வருக்கு அதைத் தொட அனுமதி இல்லை. லினக்ஸில் என்ஜின்எக்ஸ் உங்கள் பெயரில் ஓடுவதில்லை, தனக்கென்று குறைந்த உரிமையுள்ள ஒரு பயனர் பெயரில் ஓடுகிறது. பென் டிரைவில் இருந்து நீங்கள் கொப்பி பண்ணிய பைல் உங்களுக்கு மட்டும் திறக்கும்படி இருக்கலாம். பைலுக்கு 644, போல்டருக்கு 755 என்று அனுமதி கொடுத்தால் தீரும். கோபத்தில் 777 போட்டுவிடாதீர்கள். யாரும் எழுதலாம், அழிக்கலாம் என்பது அதன் அர்த்தம். இணையத்தில் பாதிப் பேர் அதைத்தான் மருந்தாகச் சொல்கிறார்கள். அது தவறான மருந்து. என்ன பிரச்சினை என்பது பிழைப் பதிவேட்டில் ஒரு வரியாக எழுதியிருக்கும், அதை வாசிக்கப் பழகுங்கள்.

பிள்ளைகளிடம் ஐபி இலக்கத்தைச் சொல்லி மாளாது. டிஎன்எஸ்மாஸ்க் என்ற சின்ன நிரலைப் போட்டு, இந்த வைஃபைக்குள் மட்டும் செல்லும் ஒரு பெயரை வைத்தோம். அதோடு ஒரு எச்சரிக்கை: அண்ட்ரொய்ட் போன் வைஃபையில் சேர்ந்ததும் வெளி இணையம் இருக்கிறதா என்று தானே பார்த்துக்கொள்ளும். இல்லையென்றால் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும், பக்கமும் வராது. மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு இணையச் சொல்லி ஒரு காகிதம் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். எந்த மென்பொருளையும் விட அந்தக் காகிதம் அதிகம் வேலை செய்கிறது.

விக்கிப்பீடியாவையும் வைத்திருக்கிறோம். கிவிக்ஸ் என்ற திட்டம் முழு விக்கிப்பீடியாவையும் ஒரே பைலாகச் சுருக்கித் தருகிறது. 2003இலிருந்து எழுதப்பட்டுவரும் தமிழ் விக்கிப்பீடியாவும் அப்படிக் கிடைக்கிறது. கிவிக்ஸ் தனக்கென்று ஒரு போர்ட்டில் ஓடும், என்ஜின்எக்ஸ் இடையில் நின்று கேள்வியை அங்கே அனுப்பிப் பதிலை வாங்கித் தரும். பிள்ளைக்கு எல்லாம் ஒரே தளமாகத்தான் தெரியும்.

அடுத்தது தமிழ். இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆங்கில வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இருக்காது.

தோட்டத்தில் கிடைக்கும் பழைய டிஜிட்டல் பைல்களில் ஏராளமானவை பாமினியில் அடித்தவை. பள்ளி மலர்கள், கோயில் திருவிழா நோட்டீஸ்கள், சங்கத் துண்டுப்பிரசுரங்கள் எல்லாம் அச்சகத்தில் பாமினி எழுத்துருவில்தான் அடிக்கப்பட்டன. பாமினி யுனிக்கோட் அல்ல. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போட்ட எழுத்துரு. அதில் அடித்த 'தமிழ்' என்ற சொல், கொம்பியூட்டருக்குள் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்றுதான் கிடக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத போனில் திறந்தால் அந்த ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். தேடினாலும் கிடைக்காது. உள்ளே தமிழே இல்லாதபோது எப்படிக் கிடைக்கும்? அதனால் சேர்வரில் ஏற்றுமுன் எல்லாவற்றையும் யுனிக்கோடுக்கு மாற்ற வேண்டும். மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பிறகு மனிதக் கண்ணால் வாசிக்கவும் வேண்டும். பழைய பைலின் இடையில் உண்மையான ஆங்கிலச் சொல் வந்திருந்தால் அதையும் மாற்றி அர்த்தமில்லாத தமிழாக்கிவிடும். புதிதாக அடிக்கிறவர்கள் ரெங்கநாதன் விசைப்பலகையைப் பழகுவது நல்லது. இலங்கைத் தரநிலையில் இருப்பது அதுதான், நேரே யுனிக்கோடில் எழுதும்.

யுனிக்கோடுக்கு மாற்றினாலும் இன்னொரு பள்ளம் உண்டு. போனில் தமிழுக்குப் பதிலாக, தலையில் கோடு போட்ட 'ஏ'யும் வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் மாறி மாறி வரும் பக்கத்தை எல்லாரும் ஒரு தடவையாவது பார்த்திருப்பீர்கள். பைல் கெடவில்லை. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டாகச் சேமிக்கப்படும். எல்லாத் தமிழ்க் குறிகளின் முதல் பைட்டும் ஒன்றுதான். அதை மேற்கு ஐரோப்பிய எழுத்தாக உலாவி தவறாக வாசித்தால் அந்தக் கோடு போட்ட 'ஏ' வருகிறது. பல குறிகளில் அடுத்த பைட்டுதான் அந்த 'ஆர்' குறி. இது யூடிஎஃப்-8 என்று சேர்வர் பைலை அனுப்பும்போதே சொல்லிவிட்டால் உலாவி ஊகிக்க வேண்டியதில்லை. என்ஜின்எக்ஸ் கட்டமைப்பில் அதற்கு ஒரே ஒரு வரி. வெறும் எழுத்துப் பைல்களுக்கு அந்த வரி கட்டாயம் வேண்டும்.

பைட் கணக்கையும் கொஞ்சம் பாருங்கள். 'தெமோதரை' என்று எழுதினால் நமக்கு நான்கு எழுத்து. யுனிக்கோடில் ஏழு குறிகள், யூடிஎஃப்-8இல் 21 பைட். அதையே ஒரு பைலின் பெயராக வைத்து இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினால், சதவீதக் குறியும் எண்ணுமாக 63 எழுத்துக்கு நீண்டு வரக்கூடும். நான் அப்படியும் தமிழ்ப் பெயர்தான் வைக்கிறேன். பட்டியலைத் திறக்கும் எட்டு வயதுப் பிள்ளை தன் மொழியில் வாசித்துத் தேடி எடுக்க வேண்டும், இணைப்பின் நீளம் அந்தப் பிள்ளையைப் பாதிக்காது. எடை கூடுகிறது என்ற கவலைக்கு ஜிசிப் சுருக்கம் இருக்கிறது. தமிழ்ப் பக்கங்களில் ஒரே பைட்டுகள் திரும்பத் திரும்ப வருவதால் நன்றாகவே சுருங்கும்.

வினாத்தாளுக்காகத் தொடங்கியது மெல்ல வேறு பக்கம் விரிந்தது. வீடுகளில் இருந்து பழைய மலர்கள், படங்கள், திருவிழா நோட்டீஸ்கள் வந்தன. தாத்தாமார் பேசியதைப் போனில் பதிந்து கொண்டுவந்தார்கள். காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆடியவர்களின் குரல்கள் வந்தன. தெமோதரை ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கம் போய், ரயில் பாதை தன்னைத் தானே சுற்றிக்கொண்டு வருவது ஊரறிந்தது. அந்த யோசனையைக் கொடுத்தது தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டிய ஒரு கங்காணி என்று ஒரு கதை உண்டு. ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள், எல்லாவற்றையும் தனித்தனி ஒலிப் பைலாக வைத்திருக்கிறோம். பதுளைக்கு ரயில் ஓடத் தொடங்கிய 1924ஐப் பற்றிய அரசாங்கப் பதிவுகளில் பொறியியலாளர்களின் பெயர்கள் இருக்கும். பாறை உடைத்தவர்களையும் கல் சுமந்தவர்களையும் பற்றி நம் வீடுகளில் சொல்லிவந்ததை நாம்தான் வைத்திருக்க வேண்டும்.

பிறகு ஒரு கூட்டத்தில், "பிறப்புச் சான்றிதழ், ஈ.பி.எஃப். கடுதாசி எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி இதுலயே போட்டு வைங்களேன், மழைக்கு நனையாம இருக்கும்" என்று ஒரு பெரியவர் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் பயம் எனக்கு நன்றாகத் தெரியும். 1948இன் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நம்மிடம் கேட்டது கடுதாசியைத்தான்: அப்பா இந்த நாட்டில் பிறந்ததற்கு, அல்லது அப்பாவின் அப்பாவும் அவருடைய அப்பாவும் இங்கே பிறந்ததற்குச் சான்று. பிறப்பைப் பதியாத காலத்துப் பிறப்புக்கு எங்கே சான்று தேடுவது? பரம்பரையாக உழைத்த மண்ணில் நாடற்றவர்களாக நின்றோம். 1964இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்து எழுதினார்கள், மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று வைத்தார்கள். பிரச்சினை முடிவுக்கு வர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை ஆனது. கடுதாசி இல்லாததால் என்ன நடக்கும் என்பது நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதும் இதே பதுளை மாவட்டத்தில்தான். மண்ணுக்கடியில் உயிர்கள் போயின, அந்த வீடுகளில் இருந்த ஒவ்வொரு தாளும் போனது.

அப்படியிருந்தும் அந்தப் பெரியவரிடம் முடியாது என்றுதான் சொன்னேன். வைஃபையில் சேரும் எவரும் திறக்கக்கூடிய இடத்தில் ஒருவருடைய அடையாள அட்டையும் பிறந்த திகதியும் இருக்கக்கூடாது. கடவுச்சொல் போட்டுப் பூட்டலாம், ஆனால் உள்ளூர் வைஃபையில் குறியாக்கம் இல்லாமல் போகும் கடவுச்சொல்லை இடையில் இருப்பவர் எடுத்துவிட முடியும். அதற்கு வேறு வழி செய்தோம்: வேண்டுகிற குடும்பத்துக்கு அவர்கள் கடுதாசிகளை மட்டும் ஸ்கேன் பண்ணி, அவர்கள் பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டு, மெஷினில் இருந்து அழித்துவிடுகிறோம். ஒரு பிரதி ஊரில், இன்னொன்று வேறு ஊரில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் என்று வைக்கச் சொல்கிறோம். எதை ஏற்றக்கூடாது என்ற முடிவு, எதை ஏற்றலாம் என்பதை விட முக்கியம். சேர்வர் வைக்கிறவர் முதலில் அதைத்தான் தோட்டத்தாரோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

இதெல்லாம் நம் கைக்கு எட்டாத வித்தை என்று நினைக்கிறவர்களுக்கு இரண்டு இலங்கை உதாரணங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, காணாமல் போனவர்களையும் முகாம்களையும் நிவாரணத்தையும் பதிவு செய்ய இந்நாட்டு மென்பொருளாளர்கள் சில நாட்களிலேயே சகானா என்ற மென்பொருளை எழுதத் தொடங்கினார்கள். இணைய உலாவியில் திறக்கும், பிஎச்பியும் மைஎஸ்கியூஎல்லும் கொண்ட கட்டற்ற மென்பொருள். லங்கா மென்பொருள் மன்றம் அதை வளர்த்தது. 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்திலும் அதைப் பயன்படுத்தினார்கள். கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006ஆம் ஆண்டுச் சமூகப் பயன் விருதும் அதற்குக் கிடைத்தது. இரண்டாவது, நூலகம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த நாட்டில், 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய எண்ணிம நூலகம் அது. விக்கிப்பீடியாவை ஓட்டும் அதே மீடியாவிக்கியில் ஓடுகிறது. மலையகத்து இதழ்களும் நூல்களும் அங்கே வாசிக்கக் கிடைக்கின்றன. நம்மிடம் இருக்கும் அரிய மலர்களின் ஒரு பிரதி அங்கும் போய்ச் சேர வேண்டும் என்பது என் விருப்பம்.

வெளியில் இருப்பவர்களும் பார்க்க வேண்டுமானால்? வீட்டு 4ஜி இணைப்பில் அது நேரே நடக்காது. நிறையப் பேருக்கு ஒரே பொது ஐபியைப் பகிர்ந்து கொடுப்பதால், வெளியில் இருந்து வரும் கேள்வி உங்கள் மெஷினைத் தேடி வர வழியில்லை. வாடகைக்கு ஒரு மெய்நிகர் சேர்வர் எடுக்க வேண்டும், வாடகை டொலரில். 2022 மார்ச்சில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360 அளவுக்குப் போனது. ஐந்து டொலர் வாடகை ஆயிரம் ரூபாயில் இருந்து ஆயிரத்து எண்ணூறானது, டெபியனும் என்ஜின்எக்ஸும் மாறவில்லை. தோட்டத்துக்குள் இருக்கும் சேர்வரை முதலில் வைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். வாடகை மெஷின் எடுத்தால், எடுத்த அன்றைக்கே கடவுச்சொல் நுழைவை மூடி, சாவிப் பைல் மூலம் மட்டும் நுழையும்படி வையுங்கள். 22, 80, 443 தவிர எந்தப் போர்ட்டும் திறந்திருக்க வேண்டாம். பதிவேட்டைத் திறந்தால், முன்பின் தெரியாத இலக்கங்கள் கதவு கதவாகத் தட்டிப் பார்ப்பது தெரியும். பாதுகாப்புத் திருத்தங்களை மெஷினே ஏற்றிக்கொள்ளும்படி விடுங்கள்.

பெயரைத் தமிழிலேயே வாங்கலாம். 2010இல் இருந்து டொட் இலங்கை என்ற முழுத் தமிழ் முடிவு இருக்கிறது. ஆனால் இணையத்தின் பெயரேட்டுக்குள் அது எக்ஸ்என் என்று தொடங்கும் ஆங்கில எழுத்து வடிவமாக மாற்றித்தான் வைக்கப்படும். உலாவி அந்த மாற்றத்தைத் தானே செய்துகொள்ளும், என்ஜின்எக்ஸ் செய்யாது. கட்டமைப்புப் பைலில் சேர்வர் பெயருக்கு நேரே தமிழில் எழுதினால் பொருந்தாது, அந்த எக்ஸ்என் வடிவத்தைத்தான் எழுத வேண்டும். பூட்டுக் குறிக்கான சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தருகிறது. 90 நாளில் காலாவதியாகும், புதுப்பிக்கும் வேலையைச் செர்ட்பொட் என்ற நிரல் பார்த்துக்கொள்ளும்.

கடைசியாக, மழைக்காலம். ஒக்டோபர், நவம்பரில் பின்னேரங்களில் மின்னல் வந்தால் பிளக்கைக் கழற்றுங்கள், ரவுட்டருக்கு வெளியில் இருந்து வரும் வயரையும் கழற்றுங்கள். பேட்டரியில் சேர்வர் ஓடட்டும். மெஷினை வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள், பனிக்காலத்தில் அந்தச் சுவர் வியர்க்கும். ஆர்சிங் என்ற கட்டளையை எழுதி, ஞாயிற்றுக்கிழமைதோறும் மாறியதை மட்டும் இன்னொரு டிஸ்க்குக்குக் கொப்பி எடுக்கிறோம். அந்த டிஸ்க் சனசமூக நிலையத்தில் இருக்காது, மலைக்கு மறுபக்கம் வேறு டிவிசனில் ஒரு வீட்டில் இருக்கும். கட்டமைப்புப் பைல்களும் சுவரில் ஒட்டும் அந்தக் காகிதமும் அதே டிஸ்க்கில் இருக்கின்றன. உடுவரையிலோ ஹாலி-எலையிலோ உள்ள தோட்டத்துக்காரர் ஒரு பழைய லெப்டொப்போடு வந்தால், பாடப்புத்தகங்களும் விக்கிப்பீடியாவும் சேர்த்து ஒரு பின்னேரத்துக்குள் ஏற்றிக் கொடுத்துவிடலாம். உங்கள் தோட்டத்து மலர்களையும் குரல்களையும் நீங்கள்தான் கொண்டுவர வேண்டும்.